அன்னதானக் கூடத்துக்குப் பித்தளைக் கைப்பிடியும் கண்ணாடித் தடுப்பும்: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

செம்பூரில் நம் கோவிலின் பின்கட்டில் இருக்கும் அன்னதானக் கூடத்தில் இரண்டு வேலைகள் செய்ய முடிவெடுத்திருக்கிறோம். வரிசை நிற்கும் இடத்திலும் நுழைவாயிலின் ஆறு படிகளிலும் பித்தளை ரெயிலிங் போடுவது ஒன்று. பரிமாறும் மேடைக்குக் கண்ணாடித் தடுப்பு வைப்பது இன்னொன்று. வரி உட்பட மொத்தச் செலவு ரூ.2,95,000. குழுவின் கையிருப்பிலிருந்து ரூ.60,000 ஒதுக்கியாகிவிட்டது. மீதி ரூ.2,35,000-க்காக உங்களிடம் வந்திருக்கிறோம். இவ்வளவு பணம் எதற்கு, ஏன் பித்தளை, அது என்ன கண்ணாடி என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. அதனால் எல்லாவற்றையும் விவரமாகவே எழுதுகிறோம்.

முதலில் பரிமாறும் மேடை. சனிக்கிழமை மதியம் வந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். பாஞ்சரபோல், திலக் நகர், கோவண்டி என்று சுற்றுப்பக்கத்திலிருந்து ஆட்டோக்காரர்களும் கட்டட வேலை செய்பவர்களும் வீட்டு வேலைக்கு வரும் பெண்களும் நம் பக்தர்களோடு ஒரே வரிசையில் நிற்கிறார்கள். மேடையில் சாம்பார் சாதம், கூட்டு, தயிர் சாதம், கேசரி எல்லாம் திறந்த அண்டாக்களில் இருக்கின்றன. வரிசையில் வருபவர் போனில் பேசிக்கொண்டே அண்டாவுக்கு மேல் குனிந்து, "அது என்ன, பூசணிக் கூட்டா?" என்று கேட்கிறார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பசியோடு நிற்பவர் எட்டித்தான் பார்ப்பார். அவருக்குப் பின்னால் இடுப்பில் இருக்கும் குழந்தை கேசரியைப் பார்த்துக்கொண்டே தும்முகிறது. எச்சில் விஷயத்தில் நம் வீடுகளில் எவ்வளவு கறார்! சாப்பிடுகிறவர் தட்டில் பட்ட கரண்டியை மறுபடி பாத்திரத்தில் போட விடமாட்டார்கள். பேச்சிலும் தும்மலிலும் தெறிப்பதும் அதே எச்சில்தானே. அதற்கு நம் மேடையில் இன்றுவரை எந்தத் தடுப்பும் இல்லை.

ஓட்டல்களில் பார்க்கும் இந்தக் கண்ணாடித் தடுப்பு புதிய சமாச்சாரம் இல்லை. ஜானி கார்னோ என்ற அமெரிக்க உணவகக்காரர், தாமே எடுத்துப் போட்டுக்கொள்ளும் விருந்து மேசையில் ஆட்கள் உணவின் மேல் குனிவதைப் பார்த்து, 1959-இல் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். அங்கே பிறகு அளவுகளே வகுத்துவிட்டார்கள். என்.எஸ்.எஃப். என்ற தரத்தின்படி, நிற்பவரின் வாய் தரையிலிருந்து நாலரை அடி முதல் ஐந்து அடி உயரத்தில் இருக்கும் என்று வைத்துக்கொண்டு, அந்த வாய்க்கும் உணவுக்கும் நடுவே கண்ணாடி குறுக்கிட வேண்டும். மேடைக்கும் கண்ணாடியின் கீழ் விளிம்புக்கும் இடைவெளி 14 அங்குலத்தைத் தாண்டக்கூடாது. நம் நாட்டிலும் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ., கோவில் பிரசாதமும் அன்னதானமும் சுகாதாரமாக இருக்க வேண்டும் என்று 'போக்' என்ற தனித் திட்டமே வைத்திருக்கிறது. நாளைக்கு நம் கூடமும் அந்தச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது குழுவின் ஆசை.

நம் மேடை 16 அடி நீளம், 34 அங்குல உயரம். தட்டு நீட்டி வாங்க 9 அங்குலம் விட்டு, அதற்கு மேல் ஐந்து அடி உயரம் வரை கண்ணாடி நிற்கும். உயரமானவர்களின் வாய் அதற்கும் மேலே இருக்கும் என்பதால், உச்சியில் உள்பக்கமாக ஓர் அடி அகலத்துக்கு இன்னொரு கண்ணாடி படுக்கைவாட்டில் வரும். சிறு பிள்ளைகளின் முகம் சரியாக அந்த 9 அங்குல இடைவெளிக்கு நேராக வரும் என்று ஒரு தாய் சுட்டிக்காட்டினார். நியாயமான கவலை. அதனால் அண்டாக்கள் இனி மேடையின் மேல் இருக்காது. பரிமாறுபவர் பக்கம் தாழ்வாக ஒரு ஸ்டாண்ட் போட்டு, அதில் இறக்கி வைக்கப்படும். பரிமாறும் மாமாக்களுக்கும் தோள்வலி குறையும்.

கண்ணாடியில் எதைப் போடுவது என்பதில்தான் குழுவில் நீண்ட பேச்சு நடந்தது. அக்ரிலிக் என்ற கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் விலை குறைவுதான். ஆனால் தினமும் துடைத்தால் கீறல் விழும். கொதிக்கும் சாம்பாரின் ஆவி பட்டுப்பட்டு வளையவும் செய்யும். டஃபன்ட் கண்ணாடியை 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, காற்றடித்துச் சட்டென்று குளிரவைத்துச் செய்கிறார்கள். சாதாரணக் கண்ணாடியைவிட நாலைந்து மடங்கு வலிமை. உடைந்தாலும் கத்தி மாதிரி துண்டாகாமல் கற்கண்டு அளவுக்குப் பொடிப்பொடியாக உதிரும். கதவுக்கு அது நல்லது. கீழே தயிர் சாத அண்டா இருக்கிற இடத்தில் அந்தப் பொடிதான் ஆபத்து. ஆகவே 5 மி.மீ. டஃபன்ட் கண்ணாடிகள் இரண்டை நடுவில் ஒரு படலம் வைத்து ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடியே வேண்டும் என்று தீர்மானித்தோம். உடைந்தாலும் துண்டுகள் உதிராமல் பெரும்பாலும் படலத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். முன்பக்கப் பலகை ஒவ்வொன்றும் 13 கிலோவுக்கு மேல் கனக்கும். ஒருமுறை டஃபன் செய்துவிட்டால் பிறகு வெட்டவோ துளை போடவோ முடியாது என்பதால், அளவெடுப்பதில் அவசரம் காட்டப்போவதில்லை. நான்கு நான்கு அடியாக நான்கு பகுதிகள், அவற்றைத் தாங்கப் பித்தளைக் கால்கள்.

அடுத்து ரெயிலிங். இப்போது இருப்பது பொன்னிறப் பெயின்ட் அடித்த ஜி.ஐ. குழாய், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய். நெடுங்காலம் உழைத்துவிட்டது. மும்பையின் கடல்காற்றும் நான்கு மாத மழையும் அதன் அடிப்பகுதியை அரித்துவிட்டன. படியோரக் கம்பியை அழுத்திப் பிடித்தால் ஆடுகிறது. மழைக்காலத்தில் ஈரக்காலோடு ஏறும் வயதானவர்கள் அதை நம்பித்தான் ஏறுகிறார்கள். இதைத் தள்ளிப்போட எங்களுக்கு மனம் வரவில்லை.

ஸ்டீல் போட்டால் பாதிச் செலவில் முடியுமே என்று சிலர் கேட்டார்கள். முடியும். பித்தளை வேண்டும் என்பதற்கு எங்களுக்கு இரண்டு காரணங்கள். கோவிலில் விளக்கும் மணியும் சந்நிதிக் கம்பியும் பித்தளை. சாமி பார்க்க வருபவருக்குத் தரும் அதே மரியாதையைச் சாப்பிட வருபவருக்கும் தரவேண்டும் என்பது முதல் காரணம். இரண்டாவது காரணம், நூற்றுக்கணக்கான கைகள் மாறி மாறித் தொடும் கம்பி இது. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. 60 சதவீதத்துக்கு மேல் செம்பு உள்ள கலவைகளைக் கிருமிகொல்லும் பரப்பு என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2008-இல் பதிவுசெய்தது. சுத்தமாக வைத்திருக்கும் பரப்பில் இரண்டு மணி நேரத்துக்குள் குறிப்பிட்ட சில பாக்டீரியாக்களில் 99.9 சதவீதம் அழிகின்றன. அதற்காகக் கை கழுவாமல் இருக்கலாம் என்று அர்த்தமில்லை. ஆனால் பளபளப்பு மங்காமல் இருக்க லேக்கர் என்ற வார்னிஷ் பூசினால் உலோகம் கையில் படாது, இந்தப் பலனும் போய்விடும். ஆகவே லேக்கர் இல்லாத வெறும் பித்தளைதான் போடுகிறோம்.

வரிசைக்கு 60 அடி நீளத்தில் 2 அங்குலக் குழாய். படிகளின் இரு பக்கமும் சேர்த்து 20 அடி. அங்கே மட்டும் ஒன்றரை அங்குலம். வயதான கை முழுதாகச் சுற்றிப் பிடிக்க 38 முதல் 45 மி.மீ. குறுக்களவுதான் வசதி. தூண்களின் தலையில் தாமரை மொட்டு வேண்டும் என்று பலரும் கேட்டீர்கள். குத்துவிளக்குக்குப் பேர்போன, புவிசார் குறியீடு பெற்ற நாச்சியார்கோவிலில் காவிரி வண்டல் மண் அச்சில் வார்த்து வாங்கிவர ஏற்பாடு செய்கிறோம். அலங்காரம் என்று நாங்கள் செலவழிப்பது அது ஒன்றுக்குத்தான். அதில் கஞ்சத்தனம் வேண்டாம் என்பது எங்கள் எண்ணம்.

குழாயைக் குலால்வாடி கீக்கா தெருவில் எடுக்கிறோம். பித்தளை என்று சொல்லி முலாம் பூசியதைத் தலையில் கட்டிவிடுவார்களோ என்ற பயம் பலருக்கும் இருக்கிறது. உள்ளே இரும்பாக இருந்தால் காந்தம் காட்டிக்கொடுக்கும். தங்கநிறம் ஏற்றிய 304 என்ற ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் காந்தம் அவ்வளவாக ஒட்டாது. வெட்டிய முனையைப் பார்த்தால்தான் தெரியும். உள்ளேயும் மஞ்சளாக இருந்தால் பித்தளை, வெள்ளையாக இருந்தால் ஸ்டீல். கனத்தில் ஏமாறாமல் இருக்கத் தராசு உண்டு. 2 அங்குலக் குழாய் 1.5 மி.மீ. கனத்தில் இருந்தால் ஒரு மீட்டர் ஏறக்குறைய 2 கிலோ நிற்க வேண்டும். நம் குழுவில் உலோக வேலை தெரிந்தவர்கள் கடைக்கே போய், எடைபோட்டு, முனையை வெட்டிப் பார்த்துத்தான் பணம் கொடுப்பார்கள். கூட வர விரும்புகிறவர்கள் தாராளமாக வரலாம்.

பராமரிப்பு பற்றியும் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் பித்தளை வாங்குவது சுலபம், வைத்துக்கொள்வதுதான் வேலை. பதினைந்து நாளுக்கு ஒருமுறையும், மழைக்காலத்தில் வாரம் ஒருமுறையும் புளி போட்டுத் தேய்த்து, நன்றாகக் கழுவி, ஈரம் போகத் துடைக்க வேண்டும். மகளிர் குழுவும் இளைஞர்களும் முறைபோட்டுச் செய்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். கண்ணாடி துடைக்க அம்மோனியா கலந்த திரவத்தைக் கூடத்துக்குள் கொண்டுவரவே கூடாது. சோப்புத் தண்ணீர் போதும். பித்தளைக் கால்களில் அம்மோனியா பட்டால் காலப்போக்கில் விரிசல் விடும். இதற்கு நம் நாட்டிலேயே ஒரு பழைய கதை உண்டு. பிரிட்டிஷ் படையின் பித்தளைத் தோட்டா உறைகள் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்தபோது தாமாகவே வெடிப்பு விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியாதான் காரணம் என்று 1921-இல்தான் விளங்கியது.

இனி கணக்கு. ரெயிலிங் குழாய், இணைப்புகள், தாமரை மொட்டு எல்லாம் சேர்த்து ரூ.1,30,000. கண்ணாடி, அதன் கால்கள், கிளாம்ப் ரூ.75,000. கூலி, வண்டி, தரையில் துளைபோட்டுப் பூசுவது ரூ.45,000. இதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி ரூ.45,000. ஒரே ஆளாக ஒரு பங்கை ஏற்க நினைப்பவர்களுக்குச் சொல்வதானால், ரெயிலிங் ஓர் அடிக்குக் கூலி, வரியோடு சுமார் ரூ.2,400, கண்ணாடித் தடுப்பு ஒரு பகுதிக்குச் சுமார் ரூ.26,500 ஆகிறது. நூறு ரூபாயோ ஐம்பது ரூபாயோ தருபவர்களுக்கும் ரசீது உண்டு. அன்னதானத்துக்குச் சாப்பிட வருபவர்களிடம் மட்டும் யாரும் கேட்க வேண்டாம். உண்டியலைக் கூடத்துக்குள் வைக்கப்போவதும் இல்லை.

ஜிபே, காசோலை, வங்கிப் பரிமாற்றம் எதுவானாலும் கோவில் அலுவலகத்தில் விவரம் வாங்கிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் எண்ணுக்கு அனுப்பிவிட வேண்டாம். 80ஜி வரிச்சலுகை வேண்டுமென்றால் ரூ.2,000-க்கு மேல் ரொக்கமாகத் தராதீர்கள். புதிய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு அந்தச் சலுகையே கிடையாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்.

பழைய பித்தளைப் பாத்திரம் தரலாமா என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். தரலாம். அதை உருக்கிக் குழாய் ஆக்குவது நம்மால் ஆகாது. உங்கள் முன்னாலேயே எடைபோட்டு, விற்று, அந்தத் தொகையை உங்கள் பெயரில் வரவு வைப்போம். பொருளாகத் தருவதற்கு 80ஜி இல்லை. ஓட்டை விழுந்த அண்டா, பிடி போன தவலை போன்றவற்றைக் கொண்டுவாருங்கள். பாட்டி வீட்டுக் குத்துவிளக்கைத் தயவுசெய்து கொண்டுவர வேண்டாம். அது உங்கள் வீட்டில் எரியட்டும்.

ரெயிலிங்கில் பெயர் பொறிப்பதில்லை என்று முடிவு. தேய்த்துத் தேய்த்து எழுத்து அழிந்துவிடும், இடுக்கில் களிம்பும் சேரும். நுழைவாயில் சுவரில் ஒரே தகட்டில், தொகை குறிப்பிடாமல், அகர வரிசையில் எல்லார் பெயரும் இருக்கும். பெயர் வேண்டாம் என்பவர்கள் ரசீது போடும்போதே சொல்லிவிடுங்கள்.

தை மாதத் தொடக்கத்தில் கண்ணாடிக்கு அளவெடுத்து, பங்குனி உத்திரத்துக்குள் வேலையை முடிக்க வேண்டும். பொருத்தும் நாட்களில் பரிமாறுவது முன்மண்டபத்தில் நடக்கும். ஒரு சனிக்கிழமைகூட அன்னதானம் நிற்காது. குழாய் வாங்க முன்பணம் கட்ட வேண்டியிருப்பதால், முடிந்தவர்கள் மார்கழி முடிவதற்குள் தந்து உதவும்படி கேட்டுக்கொள்கிறோம். பில்களும் வரவுசெலவும் வேலை முடிந்ததும் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். பணம் மிஞ்சினால் கை கழுவும் இடத்தில் இன்னும் இரண்டு குழாய் போடுவோம்.

இப்படிக்கு,
அன்னதானக் குழுவினர்
செம்பூர், மும்பை