சர்க்கரையையும் நீங்களே பாருங்கள்: அமெரிக்கத் தமிழ்ப் புற்றுநோய் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கு,

வணக்கம். டெட்ராய்ட்டில் கீமோ மருந்தேற்றும் பிரிவில் செவிலியராகப் பணிபுரிகிறேன். இந்நாட்டில் மார்பகப் புற்றுநோய் கறுப்பினப் பெண்களுக்கு வெள்ளையினப் பெண்களைவிடச் சற்றுக் குறைவாகவே வந்தாலும், அதனால் இறப்போர் விகிதம் அவர்களிடையே ஏறத்தாழ 40 சதவீதம் கூடுதல் என்பதை நான் சொல்லி நீங்கள் அறிய வேண்டியதில்லை. இதே நகரின் 906 நோயாளிகளைப் பின்தொடர்ந்து 2005-இல் வெளியான ஆய்வையும் படித்திருப்பீர்கள். ஒட்டுமொத்த உயிர்பிழைப்பில் இரு இனத்தாருக்கும் இடையே இருந்த வேறுபாட்டில் ஏறக்குறையப் பாதியை, நீரிழிவும் இரத்த அழுத்தமும் போன்ற உடன்நோய்களே விளக்கின.

சென்ற மாதம் ஒரு கறுப்பின அம்மா, இரண்டு பேருந்து மாறி, மூன்றாம் சுற்று பாக்லிடாக்சல் என்னும் கீமோ மருந்துக்காகக் காலை ஏழு மணிக்கே வந்து அமர்ந்திருந்தார். ஒவ்வாமை வராதிருக்க நாம் கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு இரத்தச் சர்க்கரையை ஏற்றும் என்பது பாலபாடம். அவருக்கு 400-ஐத் தாண்டியிருந்தது. குடும்ப மருத்துவரைப் பார்த்துவிட்டு வரும்படி சீட்டு எழுதி அனுப்பினோம். அங்கே நேரம் கிடைத்தது ஐந்து வாரம் கழித்து. கிடைத்தபோது, கீமோவால் ஏறியதைக் கீமோ கொடுப்பவரிடமே கேளுங்கள் என்றாராம் அவர். திருப்பி அனுப்பிய அன்று அந்த அம்மா எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. தம் சர்க்கரைக்காக எங்களிடம் மன்னிப்புக் கேட்டார். அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

கீமோ எழுதும் அன்றே, அதே அறையில், சர்க்கரைக்கும் அழுத்தத்திற்கும் வழி செய்யுங்கள் என்பதே என் கோரிக்கை. மும்மை எதிர்மறைப் புற்று (triple-negative) என்னும் கடுமையான வகை கறுப்பினப் பெண்களிடையே மிகுதி என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் இன்சுலின் அளவை எழுத, அதன் காரணத்தைத் தேடும் மரபணு ஆராய்ச்சி முடியும்வரை காத்திருக்க வேண்டுமா? உடன்நோய் உள்ளவர்களை மருந்துப் பரிசோதனைகளின் வாசலிலேயே நிறுத்திவிட்டு, கறுப்பினத்தவர் ஏன் சேர முன்வருவதில்லை என்று மாநாட்டு மேடையில் வியக்கும் திறமை எனக்கு வாய்க்கவில்லை. சர்க்கரை நோயாளி இல்லாத தமிழ் வீடு அரிது; நம் அம்மாவுக்கு 400 என்றால் சீட்டு எழுதியா அனுப்புவோம்?

சற்றுக் கடுமையாக எழுதிவிட்டேன், பொறுத்தருள்க. முதல் சுற்றுக்கு முன் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் பரிசோதனை (HbA1c), ஸ்டீராய்டு கொடுக்கும் நாட்களுக்கான இன்சுலின் திட்டம், இரத்த அழுத்த மாத்திரைகளின் சரிபார்ப்பு ஆகிய மூன்றையும் உங்கள் கீமோ உத்தரவுத் தாளிலேயே சேர்க்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். அந்த அம்மா வரும் செவ்வாய்க்கிழமை மீண்டும் வருகிறார்.

இப்படிக்கு,
டெட்ராய்ட்டிலிருந்து ஒரு செவிலியர்