அது தண்ணீர்த் தொட்டி அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த டெல்லிப் பயணக் கட்டுரையைப் படித்தேன். டெல்லியின் பாலம் பகுதியில் இருக்கும் விமானப்படை அருங்காட்சியகத்துக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள், நன்றி. திறந்தவெளியில் நிற்கும் விமானங்களைப் பற்றிச் சொல்லும் இடத்தில் இப்படி ஒரு வரி வருகிறது: "ஓரமாக ஒரு பழைய சரக்கு விமானமும் நிற்கிறது, அதன் முதுகில் தண்ணீர்த் தொட்டி போல ஏதோ ஒன்று இருக்கிறது." அவ்வளவுதான். அடுத்த வரியில் கட்டுரையாளர் டீ குடிக்கப் போய்விடுகிறார். டீ நன்றாக இருந்ததாம். அதற்கு மூன்று வரி.

தங்களுக்குத் தெரியாதது அல்ல, இருந்தாலும் சொல்கிறேன். அந்தச் சரக்கு விமானத்துக்குப் பெயர் உண்டு. ஃபேர்சைல்ட் சி-119 பாக்கெட். 1954-ல் நம் விமானப்படைக்கு வந்து, முப்பது வருடத்துக்கு மேல் உழைத்தது. முதுகில் இருப்பது ஜெட் எஞ்சின். தண்ணீர்த் தொட்டி வைப்பதற்கு அது மொட்டை மாடி அல்ல.

பாக்கெட்டின் சொந்த எஞ்சின்கள் இரண்டும் பிஸ்டன் எஞ்சின்கள். சமவெளிக்கு அது தாராளம். லடாக்கில் 16,000 அடிக்கு மேல் போனால் காற்றழுத்தம் கீழே இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். பிஸ்டன் எஞ்சினுக்கு மூச்சு வாங்கும். அந்த உயரத்தில் ஒரு எஞ்சின் படுத்துவிட்டால், மற்றதை மட்டும் நம்பி மலையைத் தாண்ட முடியாது. அதற்காகத்தான் மூன்றாவதாக ஒரு ஜெட் எஞ்சினை முதுகில் ஏற்றினார்கள். 1962 ஜூலை 31 அன்று ஸ்குவாட்ரன் லீடர் சி.கே.எஸ். ராஜே ஒரு பாக்கெட்டை லடாக்கில் சீன எல்லையை ஒட்டிய தௌலத் பெக் ஓல்டியில் இறக்கினார். சீனப் போருக்கு மூன்று மாதம்கூட இல்லை. 2013 ஆகஸ்டில் அதே இடத்தில் ஹெர்குலிஸ் சரக்கு விமானம் இறங்கியபோது அட்டையில் போட்டீர்கள். ஐம்பது வருடத்துக்கு முன்பே அங்கே போய் இறங்கியதற்கு இன்றுவரை ஒரு பெட்டிச் செய்திகூட இல்லை.

அதே கட்டுரையில் நாட் என்ற போர் விமானத்துக்கு வண்ணப்படம் போட்டிருக்கிறீர்கள். தப்பே இல்லை. 1971 போரில் நம் விமானி நிர்மல் ஜித் சிங் செகான் ஸ்ரீநகர் வானத்தில் உயிரைக் கொடுத்தது அந்த ரக விமானத்தில்தான். அதற்கு எத்தனை படம் போட்டாலும் தகும். ஆனால் நாட் விமானத்துக்கென்று பெங்களூரில் செய்த ஆர்ஃபியஸ் ஜெட் எஞ்சின்தான் பின்னாளில் பாக்கெட்டின் முதுகில் ஏறியது. கட்டுரையாளர் கும்பிட்டுவிட்டு வந்த விமானத்தின் எஞ்சினையே பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி என்று எழுதியிருக்கிறார்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கலாம். நான் அந்த விமானத்தில் எஞ்சின் ஃபிட்டராக இருந்தவன். தாம்பரத்தில் பயிற்சி, அப்புறம் ஆக்ரா. ஒரு எஞ்சினுக்குப் பதினெட்டு சிலிண்டர், சிலிண்டருக்கு இரண்டு பிளக், ஆக முப்பத்தாறு. இறங்கி வந்த சூட்டோடு கீழ்ப்பக்கத்து சிலிண்டர்களின் பிளக்கைக் கழற்றினால் கறுத்த எண்ணெய் மணிக்கட்டு வழியாக ஓடி அக்குளுக்குப் போகும். ஜூன் மாத ஆக்ராவில் ஸ்பேனரை வெயிலில் வைத்துவிட்டு எடுத்தால் கை பொத்துப்போகும். எண்ணெய் ஒழுகாத பாக்கெட்டைப் பார்த்தால்தான் பயம், உள்ளே எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம் என்பார்கள் எங்கள் சீனியர்கள்.

முதல் லீவில் ஊருக்கு வந்தபோது அப்பா கேட்டார், என்ன வேலை என்று. மலைமேல் இருக்கிற பட்டாளத்துக்கு அரிசி, மண்ணெண்ணெய் எல்லாம் கொண்டுபோகிற விமானத்தில் வேலை என்றேன். "மூட்டை ஏத்தறதுக்கா அவ்வளவு தூரம் போனே? இங்கே ரைஸ்மில்லுல ஏத்தக் கூடாதா?" என்றார். திண்ணையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அவர் நெல்லும் வயலுமாக வாழ்ந்த மனிதர், அவரை நான் குறை சொல்லமாட்டேன். அரிசி எங்கிருந்து வருகிறது என்பது டெல்டாக்காரனுக்குத் தெரியும், எப்படிப் போய்ச் சேருகிறது என்று யாரும் சொல்லித்தரவில்லை. பாராசூட் இல்லாமல் போடும் மூட்டைக்கு இரட்டைச் சாக்கு. உள்சாக்கு கிழிந்தாலும் வெளிச்சாக்கு தாங்க வேண்டும். கீழே ஒருவன் அந்த மூட்டைக்காகத்தான் பனியில் நிற்பான். படித்தவர்கள் நடத்தும் பத்திரிகைக்குமா இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது?

இது இன்று நேற்று வந்த வருத்தம் இல்லை. 1971 டிசம்பர் 11-ல், வங்கதேசப் போரில், டாங்கைலில் பாராசூட் படையை இறக்கியது ஏஎன்-12, பாக்கெட், டகோட்டா, காரிபு என்று போக்குவரத்து விமானங்கள் எல்லாம் சேர்ந்துதான். வருடா வருடம் டிசம்பரில் தாங்கள் போடும் வெற்றிச் சிறப்பிதழில் அவற்றின் பெயர் வந்து நான் பார்த்ததில்லை. 1987 ஜூன் 4 அன்று ஐந்து ஏஎன்-32 விமானங்கள் பெங்களூரிலிருந்து போய் யாழ்ப்பாணத்தில் உணவுப் பொட்டலம் போட்டன. எங்கள் கோடியக்கரைக்கு எதிர்க்கரை அது. துணைக்குப் போன மிராஜ் போர் விமானங்களைப் பற்றித்தான் எல்லாரும் பேசினார்கள். 2016 ஜூலையில் தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குப் போன ஏஎன்-32 இருபத்தொன்பது பேரோடு காணாமல் போனபோது தாங்கள் வைத்த தலைப்பு "போர் விமானம் மாயம்". அது போக்குவரத்து விமானம் என்று அப்போதே எழுதினேன். அந்தக் கடிதம் இதழில் வரவில்லை. ஏழு வருடம் கழித்து, 2024 ஜனவரியில், கடலடியில் அதன் சிதறல்கள் கிடைத்தபோதும் அதே தலைப்பு, அதே தப்பு.

ஆடிப்பெருக்குக்குப் போன வருடப் படத்தையே மறுபடி போட்டதைச் சுட்டிக்காட்டியும் எழுதினேன். அது மட்டும் வந்தது, இரண்டு வரியாக வெட்டி. வாயுதூத் விமான நிறுவனம் போனதோடு தஞ்சாவூரில் பயணிகள் விமானம் நின்றதே, அதைக் கேட்டு எழுதியதும் குப்பைக்குத்தான் போயிருக்க வேண்டும். சரி, அது வேறு கதை.

இப்போது தஞ்சாவூரில் சுகோய் போர் விமானம் இருக்கிறது. 2020 ஜனவரியில் 222-வது ஸ்குவாட்ரன் வந்த அன்றிலிருந்து, சத்தம் கேட்டால் எங்கள் தெருப் பிள்ளைகள் மாடிக்கு ஓடுகிறார்கள். நானும்தான் அண்ணாந்து பார்க்கிறேன். சுகோய் என்றால் என்ன என்று அவர்களுக்குத் தெரிகிறது, தாங்கள் எழுதியதால். பாக்கெட் என்றால் பால் பாக்கெட்டா என்று கேட்கிறார்கள். இதற்கும் தாங்கள் எழுதாததுதான் காரணம்.

நான் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. கட்டுரையாளரைத் திட்ட வேண்டாம், இளைஞர்போலத் தெரிகிறார், இன்னொரு முறை டெல்லி போனால் டீக்கு முன்னால் அறிவிப்புப் பலகையைப் படிக்கட்டும். அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள்: அந்த விமானத்தின் பெயர் பாக்கெட், முதுகில் இருப்பது ஜெட் எஞ்சின். இடம் பற்றாக்குறை என்று இந்தக் கடிதத்தையும் வெட்டுவீர்கள், தெரியும். என் அப்பா சொன்னதை வெட்டுங்கள், ஆடிப்பெருக்கை வெட்டுங்கள். எஞ்சினை மட்டும் விட்டுவையுங்கள்.

இப்படிக்கு,
விமானப்படையில் ஓய்வுபெற்ற எஞ்சின் ஃபிட்டர்,
ஒரத்தநாடு, தஞ்சாவூர் மாவட்டம்.