செயலாளர் ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அவர்களுக்கும் மன்ற உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதத்துக்கு ஒரு மேற்கத்திய இசைப் படைப்பைச் சேர்ந்து கேட்பது என்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானம் போட்டோம். நிறைவேற்றவில்லை. முதலில் எடுத்தது ஜெர்மன் இசையமைப்பாளர் மெண்டல்சனின் ஈ மைனர் வயலின் கான்செர்ட்டோ, அதாவது தனி வயலினுக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்குமான படைப்பு. அதிலேயே நான்கு மாதம் உட்கார்ந்துவிட்டோம். அதற்கான விளக்கம் இது.

லைப்சிக் நகரின் கெவண்ட்ஹவுஸ் ஆர்கெஸ்ட்ராவை மெண்டல்சன் நடத்திவந்தார். அதே குழுவின் முதல் வயலின்காரர் ஃபெர்டினாண்ட் டேவிட் அவருடைய நண்பர். 'உனக்காக ஒரு கான்செர்ட்டோ தலைக்குள் ஓடுகிறது, அதன் தொடக்கம் என்னை நிம்மதியாக விடமாட்டேன் என்கிறது' என்ற பொருளில் 1838-இல் மெண்டல்சன் அவருக்கு எழுதினார். எழுதி முடிக்க 1844 ஆனது. 1845 மார்ச் 13 அன்று டேவிட் வாசிக்க அரங்கேறியது. மெண்டல்சனுக்கு உடல்நலமில்லாததால் நீல்ஸ் காடே நடத்தினார். (ஆண்டு விழா தள்ளிப்போனதற்குக் கோபித்துக்கொண்ட உறுப்பினர்கள் அந்த ஆறு வருடத்தைக் கவனிக்கவும்.)

முதல் அமர்வில் ஒரு குளறுபடி. முதல் பகுதி முடிந்ததென்று நினைத்துப் பாதிப் பேர் காபிக்கு எழுந்துவிட்டார்கள். ஆனால் முடியவில்லை. ஆர்கெஸ்ட்ரா ஓய்ந்த பிறகும் பஸூன் என்ற குழல் மட்டும் ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அதிலிருந்தே இரண்டாம் பகுதி கிளம்புகிறது. நடுவில் கைதட்ட இடமே வைக்கவில்லை மனிதர். தொடக்கமும் அப்படித்தான். வழக்கமாக ஆர்கெஸ்ட்ரா விஸ்தாரமாக வாசித்து முடிக்கும்வரை தனி வயலின் காத்திருக்கும். இதில் ஒன்றரைத் தாளக்கட்டு ஓடுவதற்குள் வயலின் பாட ஆரம்பித்துவிடுகிறது.

அப்புறம் கடென்ஸா. ஏறக்குறைய நம் தனி ஆவர்த்தனம் மாதிரி, வயலின் மட்டும் வாசிக்கும் இடம். பகுதியின் கடைசியில் வருவதுதான் வழக்கம். பெரும்பாலும் வாசிப்பவர் விருப்பத்துக்கு விட்டிருப்பார்கள். மெண்டல்சன் அதைத் தானே முழுவதும் எழுதி, நடுவில் கொண்டுவந்து வைத்தார். வயலின் துள்ளிக்கொண்டே இருக்கும்போது, அதன் அடியில் ஆர்கெஸ்ட்ரா முதல் மெட்டோடு வந்து சேரும் இடத்தை மட்டும் மூன்று முறை திருப்பிப் போடச் சொன்னார்கள். மூன்றாம் முறை ஸ்பீக்கரில் சார்ஜ் தீர்ந்தது.

நான்காம் மாதம் வரலாறு பேசினோம். மெண்டல்சன் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். சிறுவயதிலேயே கிறிஸ்தவராக ஞானஸ்நானம் பெற்றவர். நாஜிகளுக்கு அது போதவில்லை. ஜெர்மன் மேடைகளிலிருந்து அவர் இசையை விலக்கினார்கள். கெவண்ட்ஹவுஸ் அரங்கின் முன்னிருந்த அவர் சிலையை 1936-இல் அகற்றினார்கள். அதை எதிர்த்துப் பதவி விலகிய லைப்சிக் மேயர் கோர்டலர், பின்னாளில் ஹிட்லருக்கு எதிரான சதியில் பங்குகொண்டதற்காக 1945-இல் கொல்லப்பட்டார். இன்னொரு ஜெர்மன் இசையமைப்பாளர் ஷூமன் 1853-இல் எழுதி, வெளிவராமல் கிடந்த வயலின் கான்செர்ட்டோவை 1937-இல் பெர்லினில் மேடையேற்றினார்கள். மெண்டல்சன் இடத்தை நிரப்பும் கணக்கு அது. பாவம் ஷூமன், மெண்டல்சனின் நண்பர். சிலையின் மறுபடைப்பு 2008-இல் தோமஸ் தேவாலயத்தருகே எழுந்தது. அன்று காபிக்கு யாரும் எழவில்லை.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். புது ஸ்பீக்கர் வாங்கப் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

அடுத்து பீத்தோவனின் டி மேஜர் கான்செர்ட்டோ. அதில் முதல் பகுதிக்குப் பிறகு இடைவெளி உண்டு. காபியை அப்போது வைத்துக்கொள்ளலாம்.

செயலாளர்