கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும்: பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர் அம்மாவுக்கும், உறுப்பினர்களுக்கும், மைக் செட்டுக்காகப் பணம் திரட்டித் தந்த முன்னாள் மாணவர்களுக்கும் வணக்கம்.

போன கூட்டத்தில் மூன்று கொட்டேஷன்களையும் மேசையில் விரித்துப் பார்த்தோம். ஒரே விலைக்கு நான்கு கார்டுலெஸ் மைக் தரும் செட்டையே எடுத்துவிடலாம் என்று பேச்சு முடிந்தது. மணி ஆகிவிட்டதால் நான் சொல்ல வந்ததை முழுக்கச் சொல்ல முடியவில்லை. பதினோரு வருடமாகக் காலை பிரேயரை நடத்துகிறவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். இதே மாதிரி மைக் வாங்கப்போகும் மற்ற பள்ளிக்காரர்களுக்கும் உதவட்டும் என்றுதான் பொதுவில் வைக்கிறேன்.

இப்போதுள்ள மைக்கால் என்ன ஆனது என்பதை உங்களில் சிலர் நேரில் பார்த்திருப்பீர்கள். தை மாதம், நல்ல முகூர்த்த நாள். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் உறுதிமொழி சொல்லிக்கொண்டிருந்தான். திடீரென்று நம் ஹார்ன் ஒலிபெருக்கியில் பக்கத்துக் கல்யாண மண்டபத்தின் குரல் வந்தது: "பொண்ணை அழைச்சிட்டு வாங்கோ." மைதானமே சிரித்துவிட்டது. பையன் பாதியில் நின்றுவிட்டான். நாலு நாள் வீட்டில் சொல்லிப் பார்த்துவிட்டு, முதல் தடவையாக மேடை ஏறியவன் அவன். அதற்கப்புறம் எத்தனை முறை கூப்பிட்டும் வரவில்லை.

காரணம் சின்னதுதான். அது விஎச்எஃப் ரக மைக், அதாவது குறைந்த அலைவரிசையில் ஓடுவது. கம்பெனியிலேயே ஒரு அலைவரிசையில் நிறுத்தி அனுப்பிவிட்டார்கள், நாம் மாற்ற முடியாது. அதே அலைவரிசையில் பக்கத்தில் இன்னொரு மைக் ஓடினால், எது பலமாக வருகிறதோ அதைத்தான் நம் ரிசீவர் (மைக்கின் அலையை வாங்கும் பெட்டி) பிடிக்கும். ஆகவே, அதைவிட உயர்ந்த அலைவரிசையில் ஓடும் யுஎச்எஃப் செட்டாக இருக்க வேண்டும், அலைவரிசையை நாமே மாற்றிக்கொள்ளும் வசதியும் இருக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாத எதையும் தயவுசெய்து வாங்க வேண்டாம்.

யுஎச்எஃப் என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது. அலைவரிசை எத்தனை மெகாஹெர்ட்ஸ் என்று பார்க்க வேண்டும். 2022-ல் நடந்த அலைக்கற்றை ஏலத்தில் 700 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் ஒரு பங்கு 5ஜி சேவைக்கு விற்கப்பட்டது. 800, 900 பக்கமும் பெரும்பாலும் செல்போன்தான். நம் பள்ளிக்குப் பின்னாலேயே டவர் நிற்கிறது. 500, 600 பக்கம் வேலை செய்யும் செட்டாகக் கேளுங்கள். முறையான அனுமதி பெற்ற கருவிதான் என்று கடைக்காரரிடம் எழுதியும் வாங்குங்கள். மூன்றாவது கொட்டேஷனில் உள்ளது 2.4 கிகாஹெர்ட்ஸ் மைக். வகுப்பறைக்குள் அது நன்றாகவே பேசும். ஆனால் வைஃபையும் அதே அலைவரிசையில்தான் ஓடுகிறது. அதோடு மனித உடம்பு அந்த அலையை நிறைய உறிஞ்சிவிடும். அறுநூறு பிள்ளைகள் குறுக்கே நிற்கும் மைதானத்துக்கு நான் அதை நம்பமாட்டேன்.

மேடையில் இரண்டடி தள்ளி நின்றால் குரல் அறுந்துபோவதைக் கவனித்திருப்பீர்கள். மைக்கிலிருந்து போகும் அலை நேராகவும் ரிசீவருக்குப் போகும், சுவரிலும் தகரக் கூரையிலும் பட்டுத் திரும்பியும் போகும். சில இடங்களில் இரண்டும் ஒன்றையொன்று அடித்துவிடும். அதற்காகத்தான் டைவர்சிட்டி ரிசீவர் என்று ஒன்று வருகிறது. அதில் இரண்டு ஏரியல் இருக்கும், ஒன்றில் சிக்னல் குறைந்தால் மற்றதிலிருந்து எடுத்துக்கொள்ளும். நான்கு மைக் தரும் அந்தச் செட்டிலும் ஏரியல்கள் நீட்டிக்கொண்டு நிற்கின்றன, பார்க்க அழகாகவே இருக்கிறது. ஒவ்வொரு மைக்குக்கும் இரண்டு ஏரியலும் வேலை செய்யுமா என்று மட்டும் கேட்டுவிடுங்கள்.

நமக்கு நான்கு மைக் எதற்கு? பிரேயரில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசுகிறார். அதே பணத்துக்கு நல்ல கைமைக் இரண்டு போதும். காலர் மைக் வேண்டவே வேண்டாம். அது வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி நெஞ்சில் தொங்குகிறது. அந்தத் தூரத்தை ஈடுகட்ட சத்தத்தைக் கூட்டுவோம், உடனே ஹார்ன் ஊளையிடும்.

ஊளை என்றதும் ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி நினைவுக்கு வருகிறாள். குறள் சொல்ல வந்தவள், பயத்தில் மைக்கின் வலைத்தலையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டாள். வாயைத் திறந்ததும் கூ என்று ஒரே ஊளை. தான் ஏதோ உடைத்துவிட்டதாக நினைத்து என்னைப் பார்த்தாள், கண் நிறைந்துவிட்டது. முன்னாலிருந்து வரும் குரலை மட்டும் எடுக்கத்தான் அந்த வலையைச் சுற்றிலும் திறந்து வைத்திருக்கிறார்கள். பொத்தினால் ஹார்ன் சத்தமும் உள்ளே புகுந்துவிடும். அன்று சாயந்திரமே கைப்பிடியில் சிவப்பு இன்சுலேஷன் டேப் ஒரு சுற்று ஒட்டினேன். விரல் அதற்கு மேலே போகக் கூடாது. கீழ் நுனியையும் பொத்தக் கூடாது, நிறைய மைக்குகளில் ஏரியல் அங்கேதான் இருக்கிறது. மறுநாள் அவளையே பிடித்துப் பேச வைத்தேன். குறள் முழுக்கக் கேட்டது.

செல் விஷயம். உள்ளேயே பேட்டரி வைத்து மூடிவிட்ட மைக் என்றால், பேட்டரி போன அன்றே மைக்கும் போன மாதிரிதான். சுவர்க் கடிகாரத்தில் போடும் சின்ன செல்லில் ஓடுகிற மைக்காகப் பாருங்கள். சார்ஜ் ஏறும் செல்லும் அதே அளவில் கிடைக்கிறது. மைக்கில் ஒரு ஜோடி, சார்ஜரில் ஒரு ஜோடி என்று சுற்றிக்கொண்டிருக்கலாம். மே மாத விடுமுறையில் செல்லைக் கழற்றி வைக்கும் பொறுப்பை நான் எடுத்துக்கொள்கிறேன். ஒரு வருடம் மறந்துவிட்டு, ஜூனில் திறந்தால் உள்ளே வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது.

புது ரிசீவரைத் தலைமையாசிரியர் அறை இரும்பு பீரோவுக்குள் வைத்துப் பூட்டுவதாகச் சொன்னீர்கள். இரவில் பூட்டுங்கள். காலையில் மைதானத்தைப் பார்த்த ஜன்னலோரம், தலை உயரத்தில் இருக்கட்டும். இரும்புப் பெட்டிக்குள் அலை போகாது. பழைய ஒயர் மைக்கையும் கொடுத்துவிட வேண்டாம். மழை விடுமுறை, அவசரச் செய்தி என்றால் கை தானாக அதைத்தான் தேடும்.

இன்னொன்றும் கேட்கிறேன். மைதானத்தின் இரண்டு கோடியிலும் ஹார்ன் கட்டியிருக்கிறோம். நடுவில் 80 மீட்டர் இருக்கும். எதிர்க் கோடி ஹார்னின் சத்தம் வந்து சேரக் கால் நொடி ஆகிறது. ஓரத்தில் நிற்கும் பிள்ளைக்கு ஒவ்வொரு சொல்லும் இரண்டு தடவை விழுகிறது. எந்த மைக் வாங்கினாலும் இது தீராது. திரட்டிய பணத்தில் மிச்சம் இருந்தால் இரண்டு ஹார்னையும் மேடைப் பக்கமே கொண்டுவந்து பிள்ளைகளைப் பார்க்கத் திருப்பிக் கட்டிவிடலாம்.

பணம் கொடுக்கும் முன் கடைக்காரரைச் செட்டோடு நம் மைதானத்துக்கு வரச் சொல்லுங்கள். அவர் கடையில் வைத்துக் காட்டுவதில் எதுவும் தெரியாது. காலை 9.15-க்கு, பிரேயர் நடக்கும்போது வரட்டும். மைக்கை ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கையில் கொடுங்கள். குழுவினர் எல்லோரும் என்னோடு கடைசி வரிசையில், வேப்பமரத்தடியில் வந்து நில்லுங்கள். அங்கே கேட்டால் அன்றைக்கே செக்கில் கையெழுத்துப் போட்டுவிடலாம்.

இப்படிக்கு,
உங்கள் பள்ளி உடற்கல்வி ஆசிரியர்