குவாடலூப்பே பள்ளத்தாக்குக்குப் புறப்படும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அக்டோபரில் நண்பர்களோடு, மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியாவில் திராட்சைக்கும் வைனுக்கும் பெயர்பெற்ற குவாடலூப்பே பள்ளத்தாக்குக்குப் போவதற்காக நீ தயாரித்து அனுப்பியிருந்த திட்டத்தை வரி விடாமல் படித்தேன். சனி, ஞாயிறு ஆகிய இரண்டே நாளில் எட்டு வைனரிகள் (வைன் தயாரிக்கும் இடங்கள்), வழியில் புவெர்த்தோ நுவேவோவில் சிங்கி இறால் சாப்பாடு, என்செனாடா கடைத்தெரு, லா புஃபடோராவில் பாறையிடுக்கு வழியே கடல் பீறிட்டு எழும் காட்சி, ஞாயிறு மாலையே சான் டியாகோ என்று எல்லாவற்றையும் அதில் அடுக்கியிருக்கிறாய். தொலைபேசியில் சொல்லாமல் பொதுவில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. கலிபோர்னியாவில் இருக்கும் நம்மவர்கள் பலர் ஏறத்தாழ இதே திட்டத்தோடுதான் அங்கே போகிறார்கள். போய்விட்டு, ஓட்டமும் வரிசையும்தான் நினைவில் நின்றன என்று சொல்லித் திரும்புகிறார்கள்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். எட்டை மூன்றாகக் குறைத்துக்கொள். சனிக்கிழமை இரண்டு, ஞாயிற்றுக்கிழமை ஒன்று போதும். அது தண்ணீருக்குத் தவிக்கும் ஒரு விவசாயப் பள்ளத்தாக்கு. மண் சாலைகளும், சிறு நிலக்காரர்களும், விறகடுப்புச் சமையலும் உள்ள கிராமப்புறம். அந்த ஊரின் வேகத்துக்கு நம் திட்டத்தை இறக்கிக்கொண்டால்தான் அங்கே பார்க்க வேண்டியவை கண்ணில் படும்.

முதலில் காகிதங்களைச் சரிபார். செல்லுபடியாகும் அமெரிக்க விசாவோ கிரீன் கார்டோ வைத்திருக்கும் இந்தியர்களுக்குத் தனியாக மெக்சிகோ விசா தேவையில்லை. ஆனால் பாஸ்போர்ட்டில் உள்ள விசா முத்திரை காலாவதியாகி, வேலைக்கான நீட்டிப்புக் கடிதம் மட்டும் கையில் இருக்கும் நண்பர் உங்கள் குழுவில் இருந்தால், மெக்சிகோவுக்குள் நுழைய அந்தக் கடிதம் போதாது. அவர் மெக்சிகோ தூதரகத்தில் முன்கூட்டியே விசா எடுத்தாக வேண்டும். எல்லையில் காரை நிறுத்தாமலே கையசைத்து அனுப்பிவிடுவது வழக்கம் என்பதால் பலர் அப்படியே போய்விடுகிறார்கள். நீ அப்படிச் செய்யாதே. குடிவரவு அலுவலகத்தில் இறங்கி நுழைவுப் பதிவை வாங்கிக்கொண்டு போ. அமெரிக்கக் கார் காப்பீட்டை மெக்சிகோ சட்டம் ஏற்பதில்லை, ஆகவே அந்த இரண்டு நாளுக்கு மெக்சிகோ காப்பீடு எடு. வாடகைக் கார் என்றால் எல்லை தாண்ட அனுமதி உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்கு.

சாலையைப் பொறுத்தவரை, போகும்போது டிஹுவானாவிலிருந்து கடலோரமாகச் செல்லும் சுங்கச் சாலையையே பிடி. சான் இசிட்ரோ எல்லையிலிருந்து என்செனாடா சுமார் 110 கிலோமீட்டர். அந்த நகரத்துக்குச் சற்று முன்பே எல் சௌசாலில் கடலை விட்டு விலகி மூன்றாம் எண் நெடுஞ்சாலையில் ஏறினால், சிறிது நேரத்தில் சான் அந்தோனியோ தே லாஸ் மினாஸ் வந்துவிடும். பள்ளத்தாக்கு அங்கேதான் தொடங்குகிறது. லா புஃபடோராவோ என்செனாடாவையும் தாண்டித் தெற்கே, முற்றிலும் வேறு திசையில் இருக்கிறது. அதை இந்தப் பயணத்திலிருந்து எடுத்துவிடு. பள்ளத்தாக்குக்குள் யாரும் குடித்துவிட்டுக் கார் ஓட்டக் கூடாது. டிஹுவானாவிலோ என்செனாடாவிலோ ஓட்டுநரோடு வண்டியை நாள் வாடகைக்குப் பேசிக்கொள்ளுங்கள். உள்ளே டாக்சி சுற்றிக்கொண்டிருக்காது, தொலைபேசி சிக்னலும் பல இடங்களில் கிடைக்காது, ஆகவே திரும்பும் வண்டியை அங்கே போய்த் தேடிக்கொள்ளலாம் என்று இருந்துவிட வேண்டாம். இருட்டிய பிறகு அந்த நெடுஞ்சாலையில் நீண்ட தூரம் போகாமல் இருப்பது நல்லது.

அக்டோபரைத் தேர்ந்தெடுத்தது நல்ல முடிவு. ஆகஸ்டில் அறுவடைத் திருவிழா நடக்கும்போது அறை வாடகையும் கூட்டமும் ஏறிவிடும், வெயிலும் கடுமை. அக்டோபரில் பறிப்பு பெரும்பாலும் முடிந்திருக்கும். பல கூடங்களில் புதிய சாறு இன்னும் நொதித்துக்கொண்டிருக்கும், அந்த வாசனை வாசலிலேயே வரும். பகலில் சூடு இருந்தாலும் பசிபிக் கடலின் குளிர்ந்த காற்று மாலையில் மலையிடைவெளி வழியாக உள்ளே வந்துவிடும், ஸ்வெட்டர் எடுத்துக்கொள். வறண்ட அந்த நிலத்தில் திராட்சை நன்றாக விளைவதற்கே அந்தக் கடற்காற்றுதான் முதல் காரணம்.

இந்தப் பள்ளத்தாக்கின் கதையைக் கொஞ்சம் தெரிந்துகொண்டு போனால், பார்ப்பது ஒவ்வொன்றும் வேறாகத் தெரியும். இது குமியாய் பழங்குடி மக்களின் நிலம். சான் அந்தோனியோ நெக்குவா போன்ற அவர்களுடைய குடியிருப்புகள் இன்றும் இருக்கின்றன. 1834-இல் தொமினிக்கத் துறவி ஃபேலிக்ஸ் கபயேரோ இங்கே நிறுவிய குவாடலூப்பே மிஷன், அதாவது மதப்பணி மையம்தான், அமெரிக்காவிலும் மெக்சிகோவிலும் உள்ள இரு கலிபோர்னியாக்களிலும் கடைசியாக எழுந்தது. சில ஆண்டுகளிலேயே குமியாய் மக்களின் எதிர்ப்பால் அது கைவிடப்பட்டது. 1905-ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஜார் மன்னரின் படையில் ஆயுதம் ஏந்த மறுத்து ரஷ்யாவை விட்டு வெளியேறிய மொலோக்கான் கிறிஸ்தவர்கள் இங்கே நிலம் வாங்கிக் கோதுமை பயிரிட்டார்கள், பிறகு திராட்சையும் வளர்த்தார்கள். ஃபிரான்சிஸ்கோ சார்கோ ஊரில் அவர்களுக்கென்று ஒரு சிறிய அருங்காட்சியகம் உண்டு. ஞாயிறு காலை ஒரு மணி நேரம் அதற்கு ஒதுக்கு. கலிபோர்னிய வளைகுடாவுக்கும் பசிபிக்குக்கும் இடைப்பட்ட இந்தத் தீபகற்பத்தில் சமோவார் என்ற ரஷ்யத் தேநீர்க் கொதிகலனையும் ரஷ்யக் குடும்பப் புகைப்படங்களையும் பார்ப்பது சாதாரண அனுபவம் அல்ல.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதற்குப் பிந்தையது. நெடுங்காலம் இங்கே விளைந்த திராட்சை பெரிய நிறுவனங்களின் வைனுக்கும் பிராந்திக்கும்தான் போனது. 1980-களில் மெக்சிகோ தன் சந்தையைத் திறந்துவிட்டபோது ஐரோப்பிய வைன் மலிவாக வந்து குவிந்து, உள்ளூர் ஆலைகள் பல மூடப்பட்டன. அந்த இறக்கத்தின் நடுவே 1987-இல் மோந்தே ஷானிக் என்ற வைனரி தொடங்கியது. குறைவாகச் செய்வோம், நன்றாகச் செய்வோம் என்பது அவர்களுடைய வழி. அதன் பிறகு ஊகோ தாகோஸ்தா என்ற வைன் வல்லுநர் எல் போர்வெனீர் ஊரில் ஒரு பயிற்சிக்கூடத்தைத் தொடங்கினார். ஊரில் அதை லா எஸ்குவேலித்தா, அதாவது குட்டிப் பள்ளி என்பார்கள். சொந்தப் பழத்தைக் குறைந்த விலைக்கு விற்றுக்கொண்டிருந்த விவசாயிகளும், வைன் செய்யும் ஆசை மட்டுமே இருந்தவர்களும் அங்கே வந்து கற்று, தங்கள் பெயரிலேயே புட்டி அடைக்கத் தொடங்கினார்கள். இன்று நீ பட்டியலிட்டிருக்கும் சிறிய வைனரிகளின் பின்னே இப்படிப்பட்ட ஒரு வரலாறு இருக்கிறது.

ஆகவே சனிக்கிழமைக்கு என் பரிந்துரை இது. மதியச் சாப்பாட்டுக்கு மோகோர் பதான் பண்ணைக்குப் போங்கள். அங்கேயே திராட்சைத் தோட்டம், அங்கேயே காய்கறித் தோட்டம், மரத்தடியில் விறகு நெருப்பில் சமைக்கும் டெக்மன்ஸ் உணவகம். ஷஸ்லா என்ற சுவிஸ் நாட்டுத் திராட்சையில் அவர்கள் செய்யும் வெள்ளை வைனை அவசியம் சுவைத்துப் பார். மாலையில் வேனா காவா வைனரி. அதன் நிலவறைக்கு மேலே, கழித்துப் போட்ட மரப் படகுகளைக் கவிழ்த்துக் கூரையாக வைத்திருக்கிறார் கட்டடக் கலைஞர் அலெஹாந்த்ரோ தாகோஸ்தா. உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் படகின் விலா எலும்புகள் போன்ற வளைசட்டங்கள் வரிசையாகத் தெரியும். இரண்டுக்கும் முன்பதிவு வேண்டும். நேரில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்பது வார இறுதியில் நடக்காது.

சுவைக்கும்போது ஒன்றைக் கவனி. இங்குள்ள சில சிவப்பு வைன்களில், குறிப்பாக நெபியோலோ என்ற திராட்சையில் செய்தவற்றில், விழுங்கிய பிறகு நாக்கின் ஓரங்களில் மெல்லிய உப்பு தங்கும். இந்த மண்ணின் குணம் அது என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். அதில் ஒரு பகுதி உண்மைதான் என்றாலும், மறுபகுதி கவலைக்குரியது. மழை குளிர்கால மாதங்களில் கொஞ்சம் பெய்வதோடு சரி. மற்றபடி எல்லாம் நிலத்தடி நீர். அந்த நீரைத் தோட்டங்களும் எடுக்கின்றன, என்செனாடா நகரமும் எடுத்திருக்கிறது, இப்போது விடுதிகளும் நீச்சல் குளங்களும் எடுக்கின்றன. ஊறுவதைவிட இறைப்பது அதிகமாகும்போது கிணற்று நீரில் உப்பு ஏறுகிறது, அது வேருக்குப் போய்ப் பழத்துக்கும் வருகிறது. தோட்டத்து நிலங்கள் விடுதிகளாகவும் இசை நிகழ்ச்சித் திடல்களாகவும் மாறுவதை இங்குள்ள விவசாயிகள் பல ஆண்டுகளாக எதிர்த்து வருகிறார்கள். நம்மைப் போல வார இறுதியில் வருகிறவர்கள் எங்கே பணம் செலவழிக்கிறோம் என்பதும் அந்தப் போராட்டத்தில் ஒரு தரப்பாகிவிடுகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். எனவே நீ பதிவு செய்திருக்கும் பெரிய நீச்சல்குள விடுதியை விட்டுவிட்டு, திராட்சை பயிரிடும் பண்ணையிலேயே சில அறைகள் வைத்திருப்பவர்களிடம் தங்கு. வைன் ஊற்றுகிறவரிடம், இந்தப் பழம் இங்கேயே விளைந்ததா, பாசனம் இல்லாமல் மானாவாரியாக வளர்ந்த பழைய கொடிகளின் வைன் உண்டா என்று கேள். கேட்டால் மகிழ்ந்து பேசுவார்கள். மூன்று இடம் மட்டும் போதும் என்று நான் சொல்வதும் இந்தப் பேச்சுக்கு நேரம் வேண்டும் என்பதால்தான்.

சாப்பாட்டில் உன் மனைவியை நினைத்துக் கொஞ்சம் கவலைப்பட்டேன். அவள் சைவம்; அங்கேயோ ஆட்டிறைச்சியும் காடையும் சிப்பியும்தான் பெருமைக்குரிய உணவுகள். தோன்யா எஸ்தேலாவின் சமையற்கூடம் என்ற உணவகத்தில் காலை உணவுக்குச் சோளத்தில் செய்யும் இனிப்புத் தோசை போன்ற பான்கேக்கும், பாலாடைக்கட்டியும், சூடான தொர்த்தியா என்ற தட்டை ரொட்டியும் கிடைக்கும். சீக்கிரம் போய்விடுங்கள், ஒன்பது மணிக்கு மேல் வரிசை நீண்டுவிடும். அரைத்த பீன்ஸ் சைவம் போலத் தோன்றினாலும் பன்றிக்கொழுப்பில் தாளிப்பது அங்கே வழக்கம். "சின் மாந்தேக்கா" என்று கேட்டு, கொழுப்பு சேர்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு அவளுக்கு வாங்கிக் கொடு. என்செனாடா தெரு வண்டியில் மீன் டாக்கோ சாப்பிடும் ஆசை உனக்கு இருப்பது தெரியும். அதற்கு வெள்ளிக்கிழமை மாலையே கிளம்பி அங்கே ஒரு இரவு தங்கினால், சனிக்கிழமை காலை அலுப்பில்லாமல் பள்ளத்தாக்குக்கு வந்துவிடலாம்.

ஞாயிறு மாலை சான் இசிட்ரோ வழியாகத் திரும்பாதே, மணிக்கணக்கில் நிற்க நேரும். மதியத்தோடு முடித்துக்கொண்டு, அதே மூன்றாம் எண் நெடுஞ்சாலையில் வடக்கே தெக்காத்தே வழியாக வா. மலைப்பாதைதான், ஆனால் பகலில் அழகான பாதை; அந்த எல்லை சிறியது, இரவில் மூடிவிடுவார்கள், ஆகவே திறந்திருக்கும் நேரத்தை முன்பே பார்த்துவிடு. ஊருக்குள் எல் மெஹோர் பான் என்ற பேக்கரியில் சூடாக ரொட்டி வாங்கிக்கொண்டு வரிசையில் நில்லுங்கள். வைன் புட்டியைப் பொறுத்தவரை, 21 வயது நிறைந்தவருக்கு ஒரு லிட்டர்தான் தீர்வையில்லாமல் கொண்டுவரலாம்; தலைக்கு ஒரு புட்டி என்று வைத்துக்கொண்டு, கேட்பதற்கு முன்பே அதிகாரியிடம் சொல்லிவிடு.

மோகோர் பதானுக்கு இன்றைக்கே எழுதிவிடு, அக்டோபர் சனிக்கிழமைகள் விரைவில் நிரம்பிவிடும். உன் நண்பர்களில் யாருக்காவது விசா முத்திரை காலாவதியாகியிருந்தால் பயணத் தேதியை முடிவு செய்வதற்கு முன் எனக்குச் சொல்.

அன்புடன்,
அக்கா