எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு வில்லுப்பாட்டு வகுப்பு நடத்த 50,000 ரூபாய் உதவி கேட்டு மனு

அனுப்புநர்
வில்லிசைக் குழுப் பொறுப்பாளர்,
சேரன்மகாதேவி வட்டம்,
திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
கொக்கிரகுளம், திருநெல்வேலி.

நகல்: கலை பண்பாட்டுத் துறை மண்டல அலுவலகம், திருநெல்வேலி.

பொருள்: ஊர்ப்புற நூலகத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு 20 வாரம் வில்லுப்பாட்டு கற்றுக்கொடுக்கச் சிறு நிதி வழங்கவும், பதிவு பெறாத கிராமியக் குழுக்களும் இத்தகைய உதவிக்கு விண்ணப்பிக்க வழி செய்யவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தாமிரபரணிக் கரையில் உள்ள ஒரு சிற்றூரிலிருந்து இந்த மனுவை எழுதுகிறேன். என் தகப்பனார் 43 ஆண்டுகளாக வில்லுப்பாட்டுப் பாடி வருகிறார். நான் 16 வயதில் அவருக்கு இடத்தே, அதாவது இடப்பக்கம் இருந்து துணைப்பாட்டு, பாட உட்கார்ந்தேன், இன்றும் பாடுகிறேன். குடம், உடுக்கு, ஜால்ரா, கட்டை எல்லாம் சேர்த்து எங்கள் குழுவில் மொத்தம் 6 பேர்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையைத் தாங்கள் அறிவீர்கள். ஆறு எங்கள் ஊருக்குள் வந்தது. கருவிகள் எல்லாவற்றையும் கோயிலை ஒட்டிய ஓர் அறையில் வைத்திருந்தோம். தண்ணீர் வடிந்து கதவைத் திறந்தபோது குடம் பிளந்து கிடந்தது. வில்லின் நாண் மாட்டுத்தோல், ஊறி அழுகிப்போயிருந்தது. உடுக்கின் தோலும் அப்படியே. பனைவைரத்தில் செய்த ஏழடி வில் மட்டும் தேறிவிடும் என்று நினைத்துச் சேற்றைக் கழுவி நிழலில் வைத்தோம். காயக் காய அது முறுக்கிக்கொண்டது. அது என் தாத்தா காலத்து வில். குடும்பத்துக்குக் கிடைத்த நிவாரணத் தொகை அரிசிக்கும் பாய் தலையணைக்கும் சரியாகப் போயிற்று. அதைக் குறையாகச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அடுத்த ஊர்க் குழுவிடம் வில்லை இரவல் வாங்கித்தான் பாடுகிறோம். ஆனால் கொடை, அதாவது ஊர்ச் சாமிக்கு எடுக்கும் விழா, பெரும்பாலும் செவ்வாய்க்கிழமையில் வருவது. அவர்களுக்கும் அதே செவ்வாயில் கொடை இருந்தால் எங்களுக்கு வில் இல்லை. போன சித்திரையில் இரண்டு கொடைகளை இப்படி விட்டோம். அவற்றில் ஒரு கோயிலில் ஒலிப்பெட்டியில் பென்டிரைவைச் செருகி, சாமியை வரவழைக்கும் வரத்துப் பாட்டைப் போட்டார்களாம். சாமியாடுகிற பெரியவர் நெடுநேரம் நின்றுவிட்டு, திருநீறு மட்டும் பூசிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டார் என்று கேள்விப்பட்டபோது என் தகப்பனார் அன்று இரவு சாப்பிடவில்லை.

ஐயா, வரத்துப் பாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சுடலைமாடன், இசக்கியம்மன், முத்தாரம்மன் என்று எந்தச் சாமியின் கொடையானாலும், கதை ஒரு கட்டத்துக்கு வந்ததும் பாடுகிறவர் சாமியாடியின் முகத்தைப் பார்ப்பார். அந்த முகத்தைப் பார்த்துத்தான் பாட்டு விரைவதும் நிற்பதும். குடம் அடிப்பவரின் மட்டை எப்போது ஓங்க வேண்டும், உடுக்கு எங்கே தனியாகப் பேச வேண்டும் என்பதெல்லாம் அந்த நேரத்தில் முடிவாவது. நாங்குநேரியில் பிறந்த பேராசிரியர் நா. வானமாமலை முத்துப்பட்டன் கதை போன்ற வில்லுப்பாட்டுக் கதைகளைத் தேடி எடுத்து அச்சிலேற்றியதால் கதைகள் பிழைத்தன. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியலுக்கென்றே ஒரு துறை இருக்கிறது. ஆனால் கைப்பக்குவத்தை அச்சில் ஏற்ற முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து, தப்பாக அடித்து, திட்டு வாங்கித்தான் அது வரும். என் தகப்பனாருக்கு 71 வயது. குடம் அடிக்கும் அண்ணனுக்கு 64. எங்கள் குழுவிலேயே இளையவள் நான்தான், எனக்கு 38.

ஆகவே புது வில் வாங்குவதோடு நிற்காமல், பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு தொடங்க முடிவு செய்தோம். பள்ளித் தலைமையாசிரியரிடம் சொன்னோம். 23 பிள்ளைகள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அவர்களில் 14 பேர் பெண் பிள்ளைகள். கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றம் மாவட்டத் தலைநகரில் இருக்கிறது. எங்கள் பிள்ளைகள் இரண்டு பஸ் மாறி அங்கே போய் வர வேண்டும். ஆறாம் வகுப்புப் பெண் பிள்ளையை எந்த வீட்டில் அப்படி அனுப்புவார்கள்?

வகுப்பு ஊர்ப்புற நூலகத்தில் நடக்கும். கோயிலில் வைத்தால் மின்சாரம், பாய், இடம் எல்லாம் எளிதாகக் கிடைக்கும். ஆனால் கோயில் என்றதும் எந்தத் தெருக் கோயில் என்ற கேள்வி வந்துவிடும். நூலகத்துக்கு எல்லாத் தெருப் பிள்ளைகளும் வந்து போகிறார்கள். இதில் நாங்கள் உறுதியாக இருக்கிறோம்.

காலத்தையும் யோசித்துத்தான் வைத்திருக்கிறோம். பங்குனி தொடங்கி ஆவணி வரை கொடைக் காலம். அப்போது பாடுகிறவர்கள் ஊரில் இருக்க மாட்டார்கள். புரட்டாசி பிறந்ததும் ஆறு பேரும் வீட்டில்தான் இருப்போம், கையில் வேலையும் இருக்காது. புரட்டாசி முதல் மாசி வரை சனி, ஞாயிறுகளில், மழைக்கும் பரீட்சைக்கும் விடுமுறை போக, 40 வகுப்பு நடத்திவிடலாம். உதவித்தொகை தை மாதம் வந்து சேர்ந்தால் வகுப்புக்கு ஆகாது. ஆவணி முடிவதற்குள் கிடைத்தால்தான் பயன்.

செலவுக் கணக்கை விலைப்புள்ளிகளோடு இணைத்திருக்கிறேன். மணி, நாண், நாணில் அடிக்கும் வீசுகோல் சேர்த்து ஒரு வில் 9,000 ரூபாய். சிறு பிள்ளைகளின் கைக்கு அடங்கும் சிறிய வில் ஒன்று 5,000. உடுக்கு இரண்டு 4,500. குடம் மூன்றும் மட்டையும் 1,500. குடத்தைக் காருக்குறிச்சியில் சொல்லித்தான் செய்ய வேண்டும். தண்ணீர்க் குடம் இதற்கு ஒத்துவராது, கழுத்தும் வயிறும் கனமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளைகள் அடிக்கிற அடியில் ஒரே வாரத்தில் விரிசல் கண்டுவிடும். ஜால்ராவும் கட்டைகளும் 2,000. ஆக, கருவிக்கு மட்டும் 22,000 ரூபாய். குடமும் உடுக்கும் கற்றுக்கொடுக்கும் இருவருக்கு வகுப்புக்கு தலா 300 வீதம் 24,000. என் தகப்பனாரும் நானும் ஊதியம் வாங்கப்போவதில்லை. மனு எழுதுகிறவர் வீட்டுக்கே பணம் போனதென்று நாளை ஒருவரும் சொல்லிவிடக் கூடாது. பிள்ளைகளுக்குச் சுண்டலும் தேநீரும் 8,000. மாசியில் பள்ளித் திடலில் அரங்கேற்றம், மேடை மைக்செட்டோடு 10,000. மொத்தம் 64,000 ரூபாய். இதில் 14,000 ரூபாயை ஊரார் வரி பிரித்துத் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். மீதி 50,000 ரூபாயைத்தான் தங்களிடம் கேட்கிறோம்.

இதற்கு முன் நாங்கள் முயலாமல் இல்லை. சென்ற ஆண்டு ஓர் அலுவலகத்தில் இதே திட்டத்தை எழுதிக் கொடுத்தோம். சங்கப் பதிவு எண்ணும் மூன்று ஆண்டுத் தணிக்கை அறிக்கையும் இல்லையென்று மனு திரும்பி வந்தது. 1975ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி சங்கம் பதிய ஏழு பேராவது வேண்டும். நாங்கள் ஆறு பேர். ஏழாவதாக யாரையாவது பேருக்குச் சேர்த்துக்கொள்ளலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். பாடத் தெரியாதவரைப் பாட்டுக் குழு உறுப்பினர் என்று எழுதிக் கையெழுத்துப் போட என் தகப்பனார் சம்மதிக்கவில்லை. நான் அவர் பக்கம்தான். கணக்குத் தணிக்கைக்கு ஒரு ஆடிட்டர் 8,000 ரூபாய் கேட்டார். அது பிள்ளைகளின் சுண்டல் செலவு முழுவதும்.

இயல் இசை நாடக மன்றத்தின் வழியாக நாட்டுப்புறக் கலைஞர்களுக்குக் கருவியும் ஆடையும் வாங்கத் தலா 10,000 ரூபாய் தரும் திட்டத்துக்கும், நலவாரிய அட்டை உள்ள எங்கள் மூவர் விண்ணப்பித்திருக்கிறார்கள். நல்ல திட்டம்; நன்றியோடு சொல்கிறேன். ஆனால் அது கலைஞர் ஒருவர் தமக்கென வாங்கும் கருவிக்கு. ஓர் ஊரே சேர்ந்து ஒன்றைச் செய்யப் புறப்பட்டால் எந்தப் படிவத்தை நிரப்புவது என்று எங்களுக்குச் சொல்வார் இல்லை. கணியான் கூத்துக்காரர்கள் எங்களைவிடச் சிரமத்தில் இருக்கிறார்கள். பாட்டை நடத்தும் அண்ணாவியும் மகுடம் என்ற தோல்கருவியை அடிப்பவர்களும் ஆடுகிறவர்களும் சேர்ந்தால் ஒரு குழு. அவர்கள் எந்தப் பதிவு எண்ணுக்குப் போவார்கள்? டெங்குவுக்கும் வாக்காளர் விழிப்புணர்வுக்கும் அரசுத் துறைகள் கூப்பிடும்போது எங்களிடம் யாரும் தணிக்கை அறிக்கை கேட்பதில்லை. கூப்பிட்ட இடத்துக்குப் போய்ப் பாடியிருக்கிறோம், இனியும் பாடுவோம்.

பணத்துக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி நியாயமானது. தலைமையாசிரியர், நூலகர், குழுப் பொறுப்பாளர் மூவரும் கையெழுத்திட்டால்தான் எடுக்க முடிகிற கூட்டு வங்கிக் கணக்கில் தொகையைப் போடலாம். வாங்கும் கருவிகள் எங்கள் குழுவின் சொத்தாக வேண்டாம். நூலகத்தின் இருப்புப் பதிவேட்டில் புத்தகங்களோடு வில்லும் குடமும் பதியப்படட்டும். எங்களுக்குப் பிறகும் அவை ஊரில் இருக்கும். வெள்ளம் வந்தாலும் நூலகம் மேட்டில்தான் இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் ரசீதோடு கணக்கை நூலகச் சுவரில் ஒட்டிவிடுவோம்.

எனவே, தங்கள் விருப்புரிமை நிதியிலிருந்தோ கலை பண்பாட்டுத் துறையின் பொருத்தமான தலைப்பிலிருந்தோ 50,000 ரூபாயை ஆவணி மாதத்துக்குள் வழங்க உத்தரவிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். இந்த அளவுக்கு உட்பட்ட சிறு உதவிகளுக்குச் சங்கப் பதிவுக்குப் பதிலாகத் தலைமையாசிரியர் அல்லது கிராம நிர்வாக அலுவலரின் சான்றை ஏற்கவும், ஒரே பக்கத்தில் தமிழில் ஒரு படிவம் தரவும் பரிந்துரைக்க வேண்டுகிறேன். இரண்டாவது கோரிக்கை எங்களுக்காக மட்டும் கேட்பதன்று. முதலாவது இந்த ஆண்டு இயலாமற்போனாலும் இரண்டாவதைத் தள்ளிவிட வேண்டாம்.

விலைப்புள்ளிகள், பெயர் கொடுத்த பிள்ளைகளின் பெற்றோர் ஒப்புதல், தலைமையாசிரியர் மற்றும் நூலகர் கடிதங்கள், வெள்ளத்தில் பழுதான கருவிகளின் புகைப்படங்கள், எங்கள் முழு முகவரி ஆகியவற்றை இணைத்துள்ளேன்.

தாங்கள் சேரன்மகாதேவிப் பக்கம் ஆய்வுக்கு வரும்போது ஒரு நாள் முன்னதாகச் சொல்லியனுப்பினால் போதும். வில்லை இரவல் வாங்கிக்கொண்டு நூலக வாசலில் பாடிக் காட்டுகிறோம். பெயர் கொடுத்த பிள்ளைகளும் அங்கே இருப்பார்கள்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
வில்லிசைக் குழுப் பொறுப்பாளர்
(குழுவினர் 6 பேரின் கையொப்பத்துடன்)