வேலப்பாடித் தெருவாருக்கும் உடன் நின்றவர்களுக்கும் நன்றி மடல்

அன்புக்குரியவர்களே, வணக்கம்.

கடைசி ஊசியும் முடிந்து, "இனி மூன்று மாதத்துக்கு ஒரு முறை வந்து காட்டினால் போதும்" என்று மருத்துவர் சொன்ன இந்த வாரத்திலேயே இதை எழுதிவிட வேண்டும் என்று மனம் அடித்துக்கொள்கிறது. எனக்கு வந்த புற்றுநோய் என்ன வகை, எப்போது தெரிந்தது, எப்படிச் சிகிச்சை நடந்தது என்பதெல்லாம் என் அம்மா வாயிலாக உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். ஆகவே அந்தக் கதையை மீண்டும் எடுக்காமல், கீமோ மருந்து உடம்பைப் படுத்திய பாட்டில் நான் விழுந்துவிடாமல் தாங்கிப் பிடித்தவர்களுக்கு நன்றி சொல்ல மட்டும் இந்த மடலை எழுதுகிறேன். அவர்களிலும் ஒருவரைப் பற்றித்தான் நிறையச் சொல்லப் போகிறேன். மற்றவர்கள் அதைப் பொறுத்துக்கொள்வீர்கள் என்று எனக்குத் தெரியும்.

எங்கள் தெருமுனையில் மாலை வேளையில் பஜ்ஜி, போண்டா போடும் அக்காவை உங்கள் எல்லோருக்கும் தெரியும். பெயரைப் போட வேண்டாம் என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் அக்கா என்றே எழுதுகிறேன். அவர் வண்டி நிற்கும் இடம் எங்கள் மாடிச் சன்னலுக்கு நேர் கீழே இருக்கிறது. ஐந்து மணிக்கு அடுப்பைப் பற்றவைத்தால், காய்ந்த எண்ணெயின் வாசனை முதலில் எங்கள் வீட்டுக்குள்தான் வரும். சிறு வயதிலிருந்து எனக்கு மிகவும் பிடித்திருந்த வாசனை அது. பள்ளிவிட்டு வந்து பையைக்கூட இறக்காமல் அந்த வண்டிக்கு ஓடியிருக்கிறேன்.

கீமோ தொடங்கிய பிறகு அதே வாசனை எனக்கு நஞ்சானது. மருந்து குடலின் உட்சுவரில் உள்ள சில செல்களைத் தாக்கும்போது அவை செரோடோனினை வெளிவிடுகின்றன என்றும், அந்தத் தூண்டுதல் நரம்பு வழியாக மூளையின் வாந்தி மையத்துக்குப் போகிறது என்றும் மருத்துவர் விளக்கினார். ஆன்டன்செட்ரான் போன்ற மருந்துகள் முதல் நாள் வாந்தியைப் பெருமளவு அடக்கிவிடுகின்றன. ஆனால் அடுத்த நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை இழுத்துக்கொண்டு போகும் குமட்டல் அவ்வளவு எளிதில் அடங்குவதில்லை. "வயசுப் பொண்ணுதானே, தாங்கிக்குவே" என்று பார்க்க வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். இந்த ஒரு விஷயத்தில் உண்மை நேர் எதிரானது. 50 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கும், அவர்களிலும் பெண்களுக்கும், கீமோ குமட்டல் கூடுதலாகவே வரும். இதை மருத்துவர் முன்கூட்டியே சொல்லியிருக்காவிட்டால், எனக்குத்தான் மனத்திடம் இல்லையோ என்று நான் நொந்துபோயிருப்பேன்.

சூடான உணவைவிட ஆறிய உணவில் வாசனை குறைவு என்பதால், ஆறிய இட்லியும் மோர் சாதமுமே கொஞ்சம் உள்ளே இறங்கின. அம்மா எங்கள் வீட்டில் தாளிப்பதையே நிறுத்திவிட்டார். வீட்டுக்குள் அவரால் அதைச் செய்ய முடிந்தது. ஆனால் பொதுத் தெருவில் பிழைப்பு நடத்தும் ஒருவரிடம் போய் அடுப்பை அணைக்கச் சொல்ல எங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது? அதனால் மாலையானதும் அம்மா எல்லாச் சன்னல்களையும் சாத்திவிட்டு, கதவிடுக்கில் ஈரத் துணியைச் சுருட்டி வைப்பார். அது சித்திரைக் கடைசி, கத்திரி வெயில் காலம். 40 டிகிரியைத் தாண்டும் வேலூர் வெயிலில் பகல் முழுவதும் வெந்த மாடி வீட்டில், சற்றே காற்று வரும் மாலை நேரத்தில் சன்னலைச் சாத்திக்கொண்டு இருப்பது எப்படிப்பட்டது என்று இந்த ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அதைத்தான் அந்த அக்கா கவனித்திருக்கிறார். "இந்த வெயில்ல சன்னல சாத்திகினு இன்னாம்மா பண்றீங்க?" என்று ஒருநாள் அம்மாவிடம் கேட்டாராம். தூசி வருகிறது என்று அம்மா சமாளித்திருக்கிறார். அக்கா மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த ஊசி போட்டுக்கொண்டு வீடு திரும்பிய மாலையில் தெருமுனை வெறுமையாக இருந்தது. அவருக்கு உடம்பு சரியில்லை போலும், ஊருக்குப் போயிருப்பார் போலும் என்று நாங்கள் நினைத்தோம். சில நாள் கழித்து வண்டி பழைய இடத்துக்கே வந்துவிட்டது. அடுத்த ஊசிக்கு மீண்டும் காணோம்.

விஷயம் என் தம்பி வழியாகத்தான் தெரிந்தது. பால் வாங்கப் போனவன், தெருவின் மறுகோடியில் தண்ணீர்த் தொட்டிக்கு அப்பால் அந்த வண்டி நிற்பதைப் பார்த்திருக்கிறான். வண்டியின் இரும்புக் கம்பத்தில், எண்ணெய்ப் பிசுக்கேறிய ஒரு மாதக் காலண்டர் நூலில் கட்டித் தொங்கிக்கொண்டிருந்ததாம். அதில் சில தேதிகளைச் சுற்றி நீல மையில் வட்டம் போட்டு, ஒவ்வொரு வட்டத்துக்கும் அடுத்த கட்டங்களில் குறுக்குக் கோடு இழுத்திருந்தது. வட்டமிட்டவை எல்லாம் என் ஊசித் தேதிகள். எங்களை மருத்துவமனைக்கு ஏற்றிச் செல்லும் ஆட்டோ அண்ணனிடம் கேட்டு அவர் குறித்துவைத்திருக்கிறார். கோடு போட்ட நாள்களில் வண்டி தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போகும், மற்ற நாள்களில் தெருமுனையில் நிற்கும்.

இதனால் அவருக்கு என்ன நட்டம் என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாமல் போகலாம். தெருமுனை என்பது பேருந்தை விட்டு இறங்கி வீடு திரும்புகிறவர்கள் எல்லோரும் கடக்கும் இடம். அங்கே ஒரு மணி நேரத்தில் விற்றுத் தீர்கிற மாவு, தண்ணீர்த் தொட்டிப் பக்கம் இரவு எட்டு மணி ஆனாலும் பாத்திரத்தில் மிஞ்சியிருக்கும். கரைத்த கடலை மாவை மறுநாளைக்கு எடுத்துவைக்கவும் முடியாது. அன்றன்றைய விற்பனையில் மறுநாள் முதலைத் தேடுகிற ஒரு பெண், யாரும் கேட்காமல், யாரிடமும் சொல்லாமல், மாதக்கணக்கில் இந்த நட்டத்தைத் தன் கணக்கில் ஏற்றுக்கொண்டிருக்கிறார். நோய்த்தொற்றை எதிர்க்கும் வெள்ளையணுக்கள் குறைந்திருக்கும் நாள்களில் வெளி உணவு எதையும் தொடக் கூடாது என்பதால், அவர் வண்டியிலிருந்து ஒரு பஜ்ஜி வாங்கிச் சாப்பிட்டுக்கூட என்னால் அதை ஈடுகட்ட முடியவில்லை.

அம்மா போய்க் கண் கலங்கி நின்றபோது அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "சக்கரம் வச்ச வண்டிதானேம்மா, தள்ளிகினு போனா போச்சு. பாப்பா காத்தோட்டமா படுக்கட்டும்." அந்த மாலைகளில் எங்கள் வீட்டுச் சன்னல்கள் திறந்திருந்தன. வாயெல்லாம் புண்ணாகி, எச்சில் விழுங்கவும் முடியாமல், உப்பும் சமையல் சோடாவும் கலந்த நீரால் கொப்பளித்துக்கொண்டு கிடந்த நாள்களிலும் கோட்டைப் பக்கமிருந்து வந்த காற்று என் முகத்தில் பட்டது. அக்கா, இதை உங்கள் மகன் உங்களுக்கு வாசித்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். உங்கள் முன் வந்து நின்று இவ்வளவையும் அழாமல் என்னால் சொல்ல முடியாது என்பதால்தான் எழுத்தில் வைக்கிறேன். உங்களுக்கு என் மனமார்ந்த நன்றி.

இந்த உதவியைப் பற்றி நான் ஓயாமல் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் ஏதாவது கொண்டுவர வேண்டும் என்றுதான் நாம் பழகியிருக்கிறோம். ஹார்லிக்ஸ், ஆப்பிள், விபூதி, யாருக்கோ குணமான கதை, தெரிந்த நாட்டு மருந்து என்று அன்போடு எவ்வளவோ என் கட்டில் அருகே வந்து சேர்ந்தன. அந்த அன்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் என்னிடம் இருந்த சுமையில் ஒன்றை எடுத்துக்கொண்டு போனவர்கள் சிலரே. அக்கா ஒரு வாசனையை எடுத்துக்கொண்டு போனார். ஆடித் திருவிழாவில் எங்கள் தெரு அம்மன் கோயில் இளைஞர்கள் குழாய் ஒலிபெருக்கியை எங்கள் வீட்டுப் பக்கமிருந்து திருப்பிக் கட்டினார்கள். தலைமுடி கொட்டிய பிறகு என்னைப் பார்க்க வந்த என் கல்லூரித் தோழி ஒருத்தி, முடியைப் பற்றியோ கல்யாணத்தைப் பற்றியோ ஒரு சொல்கூடப் பேசாமல், இரண்டு மணி நேரம் அவள் அலுவலகத்து வம்புகளை மட்டுமே பேசிவிட்டுப் போனாள். இருபதுகளில் இருக்கும் ஒரு பெண்ணைப் பார்த்து ஊர் கேட்கிற கேள்விகளிலிருந்து எனக்கு அன்று ஓய்வு கிடைத்தது.

என் வயதையொட்டி இன்னொருவருக்கும் தனியாக நன்றி சொல்ல வேண்டும். காத்திருக்கும் கூடத்தில் நானும் அம்மாவும் அருகருகே உட்கார்ந்திருந்தால், "நோயாளி யார்?" என்று கேட்காமலே அம்மாவைத்தான் எல்லோரும் பரிவோடு பார்ப்பார்கள். நான் துணைக்கு வந்த பெண்ணாகவே கருதப்பட்டேன். அப்படி இருக்க, முதல் ஊசிக்கு முன்பு என் மருத்துவர் அம்மாவிடம் பேசாமல் என்னிடமே நேராகப் பேசினார். இந்த மருந்துகளில் சில சினைப்பையைப் பாதிக்கக்கூடும், பின்னாளில் குழந்தை பெறுவதற்கு விரும்பினால் கருமுட்டையை எடுத்து உறைய வைக்கும் வழி உண்டு, அதற்குச் சுமார் இரண்டு வாரம் ஆகும், அவ்வளவு நாள் காத்திருக்க நோய் இடம் கொடுக்குமா என்பதையும் பார்க்க வேண்டும் என்று எல்லாவற்றையும் விளக்கினார். திருமணம் ஆகாத பெண்ணிடம் இதை எப்படிப் பேசுவது என்று அவர் தயங்கியிருந்தால், எனக்கு முடிவெடுக்கும் வாய்ப்பே இருந்திருக்காது. நான் என்ன முடிவெடுத்தேன் என்பது என்னோடு இருக்கட்டும். ஆனால் அது என் முடிவாக இருந்தது. இளம் வயதில் சிகிச்சைக்குப் போகிறவர்கள், ஆணோ பெண்ணோ, மருத்துவர் தாமாக எடுக்காவிட்டாலும் முதல் ஊசிக்கு முன்பே இதைக் கேட்டுவிட வேண்டும் என்று இந்த மடல் வழியாக வேண்டிக்கொள்கிறேன்.

மற்றவர்களைச் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். சிவப்பு நிறக் கீமோ மருந்தை இரத்தக் குழாயில் மெதுவாக ஏற்றிக்கொண்டே, "சிறுநீர் சிவப்பா போகும், ரத்தம்னு பயந்துடாதேம்மா" என்று முன்னமே சொல்லிவைத்த சிஸ்டர்களுக்கு நன்றி. வெப்பமானி 100.4 டிகிரியைக் காட்டிய நள்ளிரவில், கீமோ நாள்களில் காய்ச்சல் ஆபத்து, விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது என்பதை எங்களைவிட நன்றாக உணர்ந்து, பத்தே நிமிடத்தில் வாசலில் வந்து நின்ற ஆட்டோ அண்ணனுக்கு நன்றி. வெள்ளையணுவைக் கூட்டும் ஊசிக்குப் பிறகு எலும்பெல்லாம் குடைந்தபோது இரவெல்லாம் கால் பிடித்துவிட்ட சித்திக்கும், குடியாத்தத்திலிருந்து பைக்கில் வந்து வந்து போன சித்தப்பா மகனுக்கும், என் இருக்கையில் வேறு யாரையும் உட்காரவைக்காமல் காத்திருந்த இராணிப்பேட்டை ஷூ கம்பெனிக் கணக்குப் பிரிவினருக்கும், இரத்தம் ஏற்ற வேண்டி வந்தபோது வேலையை விட்டுவிட்டு ஓடிவந்த நண்பர்களுக்கும் நன்றி.

கீமோ கூடத்தில் பக்கத்து நாற்காலியில் இருந்த மேற்கு வங்கத்துத் தம்பிக்கும் அவன் தாய்க்கும் என் நன்றி போய்ச் சேர வேண்டும். 1900ஆம் ஆண்டில் மருத்துவர் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய எங்கள் ஊர் சி.எம்.சி. (கிறித்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனையைத் தேடி, காட்பாடியில் இரயிலை விட்டு இறங்குகிற எத்தனையோ குடும்பங்களில் அவர்களும் ஒன்று. எனக்குத் தெருவும் உறவும் மொழியும் இருந்தன. அவர்களுக்கு லாட்ஜ் அறையும் அதன் மூலையில் ஒரு வாடகை அடுப்பும் மட்டுமே இருந்தன. கடுகெண்ணெய் காய்ந்தாலே மகனுக்குக் குமட்டுகிறது என்று அந்த அம்மா வெறும் சோற்றையும் வேகவைத்த உருளைக்கிழங்கையும் மாதக்கணக்கில் தானும் சாப்பிட்டார். தம் அறைக்குள் அவர் எண்ணெயை நிறுத்திக்கொண்டார், ஆனால் பக்கத்து அறையில் வேறொரு குடும்பம் மீன் பொரிக்கும்போது அவர் என்ன செய்ய முடியும்? லாட்ஜ்களில் நோயாளி அறைகளையும் சமைக்கும் இடத்தையும் கொஞ்சம் தள்ளி அமைக்க முடியாதா என்று, அவற்றை நடத்துகிற நம் ஊர்க்காரர்கள் ஒருமுறை யோசித்துப் பார்க்க வேண்டும்.

என் பங்குக்கு ஒன்றைச் செய்வதென்று முடிவெடுத்திருக்கிறேன். புற்றுநோய் வந்தவர் பிறகு இரத்தம் கொடுக்கக் கூடாது என்பது விதி என்பதால், எனக்குக் கிடைத்த இரத்தத்தை என் உடம்பிலிருந்து என்னால் திருப்பித் தர முடியாது. இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களை எடுத்த நாளிலிருந்து 5 நாள் வரைதான் வைத்திருக்க முடியும் என்பதால் அவற்றுக்கு எப்போதும் தட்டுப்பாடுதான். வெளியூரிலிருந்து வந்த குடும்பங்கள் கொடையாளரைத் தேடி அலைவதை நான் கண்ணால் பார்த்துவிட்டேன். ஆகவே எங்கள் தெருவிலும் அலுவலகத்திலும் இரத்தம் கொடுக்க விருப்பமுள்ளவர்களின் பட்டியல் ஒன்றைத் தொடங்கியிருக்கிறேன். உங்களுக்கு வயது 18க்கு மேல் 65க்குள், எடை 45 கிலோவுக்குக் குறையாமல் இருந்தால், உங்கள் பெயரையும் இரத்த வகையையும் கடைசியாக எப்போது கொடுத்தீர்கள் என்பதையும் என்னிடமோ என் தம்பியிடமோ சொல்லுங்கள். கூப்பிடும்போது வர முடியாத வேளையாக இருந்தால் தயங்காமல் முடியாது என்று சொல்லிவிடலாம். நான் அடுத்த பெயருக்குப் போய்க்கொள்வேன்.

நன்றியுடன்,
உங்கள் வீட்டுப் பெண்,
வேலப்பாடி, வேலூர்.